தொண்ணூற்று நான்கின் பத்து

பனி தள்ளும் வண்டியில் கேசட் பெட்டி
இன்னும் ஓடுகிறது.
நகராட்சிக்குத் தெரியாது.
தெரிந்தால் பிடுங்கிவிட்டுப் புதிது வைப்பார்கள்.

கெமியில் நவம்பர்.
பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டு
துறைமுகச் சாலையில் தொடங்குகிறேன்.
பக்கத்து இருக்கையில் நோட்டிலிருந்து கிழித்த தாள்:
தொண்ணூற்று நான்காம் ஆண்டின்
தலைசிறந்த பத்து ஹெவி மெட்டல் ஆல்பங்கள்.
'தலைசிறந்த' என்பதன் கீழ் இரண்டு கோடு.
பத்தொன்பது வயது எனக்கு அப்போது.
சந்தேகம் என்றொரு பொருள்
எங்கள் ஊர்க் கடைக்கு வந்திருக்கவில்லை.

இரவுக்கு ஓர் ஆல்பம் என்று கேட்டு வருகிறேன்.
யாரும் கேட்கச் சொல்லவில்லை.

முதலிடம்: ஈயக் கிரீடம் குழுவின் 'ஊசிமுனைப் பேரரசு'.
முப்பத்தொன்பது நிமிடம், மூச்சு விடாத ஓட்டம்.
இதற்காகப் பேருந்து நிறுத்தத்தில்
மூக்கில் ரத்தம் வரச் சண்டை போட்டிருக்கிறேன்.
இப்போது போட்டால்
சிம்பல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
கேசட் தேய்ந்துவிட்டதோ என்று
எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
கேசட் நன்றாகத்தான் இருந்தது.

மரக்கூழ் ஆலையில் பதினோரு வருடம்,
இந்த எஞ்சினின் மேல் பதினான்கு.
உயரத்தில் ஒலித்தவை ஒவ்வொன்றாய்,
விருந்து முடியுமுன் ஷூவைத் தேடிக்கொண்டு நழுவுகிறவர்களைப் போல,
சொல்லாமல் போயிருக்கின்றன.
காது மருத்துவர் ஒரு வரைபடம் காட்டினார்,
வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும் கோடு.
"சறுக்கிப் பார்க்கலாம் போல" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, அல்லது
சிரித்தது எனக்குக் கேட்கவில்லை.

ஆக, ஊசிமுனைப் பேரரசை இறக்க வேண்டும்.
நியாயமா இது?
நீதிபதிக்குக் கண்புரை என்று
சாட்சிக்குத் தண்டனை.
ஐந்தாமிடம் போட்டேன். கை கூசியது.

பத்தாமிடத்தில் லாட்வியாக்காரர்கள் மூன்று பேர்,
'கடலடிக் களிமண்', ஐம்பது நிமிடத்துக்கு இரண்டே பாட்டு.
பக்கத்தில் என் பழைய கையெழுத்து:
தூக்கம் வருகிறது, எண்ணிக்கைக்காகச் சேர்த்தது.
நேற்றிரவு அந்த பேஸ் கிதார்
காதைக் கேட்காமலே உள்ளே வந்தது.
இருக்கை வழியாக, தொடை வழியாக.
வண்டியின் அலகு தார்ச்சாலையைச் சுரண்டும் ஓசையும்
அதே சுரத்தில் சேர்ந்துகொள்ள
பாலத்தில் இரண்டு முறை போய்வந்தேன்,
இரண்டாம் முறை அங்கே தள்ளப் பனியே இல்லை.
முதலிடம். இதில் பேச்சே இல்லை.

ஆறாமிடத்து ஆல்பத்தின் மேல்
என் தம்பி ஹன்னு
அடுத்த வருட ஐஸ் ஹாக்கி வர்ணனையைப் பதிந்துவிட்டான்.
நாற்பத்தைந்து நிமிடம் ஒருவன் கத்துகிறான்.
மேல்முறையீடு இல்லை, ஆறே இருக்கட்டும்.

மூன்றாமிடம்தான் சிக்கல்.
டிரம்ஸ் தெய்யோ. டயர்க் கடை தெய்யோ.
மொத்தம் நானூறு கேசட்,
அட்டையில் அவன் அக்கா வரைந்த கலைமான் மண்டையோடு,
பார்த்தால் பூனை.
நெஞ்சைத் தொட்டுச் சொன்னால்
எட்டு, ஒன்பதுக்குத்தான் தேறும்.
நட்புக்காகத் தூக்கி வைத்தேன்.

விடியற்காலை நான்குக்குப் பெட்ரோல் நிலையத்தில்
காபியோடு நின்றிருந்தான்.
பட்டியலைச் சொன்னேன்.
"மூணா? அப்பவே உன்மேல எனக்குச் சந்தேகம்" என்றான்.
"ரெண்டாவது பாட்டுல, நடுவுல,
ஒரு அடி விட்டுட்டேன். குச்சி நழுவிருச்சு.
திரும்பப் பதியக் காசில்ல.
முப்பது வருஷமா
அந்த இடத்துக்குத்தான் காது போகுது."

எனக்கு அந்த இடம் தெரியும்.
எல்லாக் கிதாரும் ஒன்றாய்க் காலை எடுத்துவைக்கும்போது
தரை இல்லாமல் போகும் அரைநொடி.
வேண்டுமென்றே செய்தது என்றுதான்
இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.
அதற்காக மட்டும் திருப்பித் திருப்பிச் சுற்றி
அந்த இடத்தில் நாடாவே நைந்திருக்கிறது.
இந்தக் காதுக்கும் அது முழுசாகக் கேட்கிறது,
இல்லாத ஒன்று கேட்காமல் போவதெப்படி?

சட்டைப்பையில் புதுத் தாள்,
பென்சிலில் அவன் பெயருக்கு நேரே இரண்டு.

"இப்ப எத்தனாவது?" என்றான்.
"ஒன்பது" என்றேன்.
"அது சரி" என்று
என் காபிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தான்.